மையம் காலியாகிறதா, புறநகர் பெருக்கிறதா? சென்னையை வைத்துக் கணக்கிடும் முறை

முதலில் எல்லையை முடிவு செய்யுங்கள். எண்களை அப்புறம் தொடலாம். சென்னை மாநகராட்சி 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. இந்த விரிந்த பரப்பின் 2011 மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். அதைப் பழைய எல்லையின் 2001 கணக்கான 43.4 லட்சத்தோடு ஒப்பிட்டால் பத்தாண்டில் பாதிக்கு மேல் வளர்ந்ததாகத் தெரியும். பழைய எல்லைக்குள்ளேயே பார்த்தால் 43,43,645 பேர் 46,46,732 ஆனார்கள். வளர்ச்சி வெறும் 7%.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்வாரி அட்டவணைகளை இரண்டு ஆண்டுகளுக்கும் எடுத்து, எக்செல்லில் மூன்று வளையமாகப் பிரியுங்கள்: பழைய மாநகராட்சி, 2011இல் சேர்ந்த அம்பத்தூர், ஆலந்தூர் போன்றவை, அதற்கும் வெளியே தாம்பரம், ஆவடி, சுற்றியுள்ள ஊராட்சிகள். வெளி வளையத்தில் கிராமங்களை விட்டுவிடாதீர்கள். 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் 75% விவசாயம் சாராதவர்கள் என்ற மூன்றும் பொருந்தினால் கிராமம் கணக்கெடுப்பில் நகரமாகிவிடும். ஒரு ஆள்கூடக் குடிவராமலே ‘நகர்ப்புற மக்கள்தொகை’ எகிறும்.

அடுத்ததுதான் பலரும் தாண்டிப்போகும் இடம். 7% கூடியிருக்கிறதே, மையத்துக்கு ஆள் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். பிறப்பு, இறப்பைக் கழித்துப் பாருங்கள். 2011 வாக்கில் தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குப் பிறப்பு ஏறத்தாழ 16, இறப்பு 7. வித்தியாசம் 9, பத்தாண்டுக்கு 9% என்று வையுங்கள். யாரும் வராமல், யாரும் போகாமல் இருந்தாலே பழைய சென்னை 47.3 லட்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். இருந்ததோ 46.5 லட்சம். அதாவது வந்தவர்களைவிடப் போனவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் அதிகம். மாநில விகிதம் நகரத்துக்கு அச்சாகப் பொருந்தாது, ஆகவே இது தோராயம்தான். அதற்காக மாநகராட்சியின் பிறப்புப் பதிவேட்டைப் பிடிக்காதீர்கள்: பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். எழும்பூரில் பிரசவமான பூந்தமல்லிக் குழந்தையும் நகரக் கணக்கில் விழும்.

மும்பையில் இவ்வளவு கழித்தல் தேவையில்லை. 2001–2011இல் அதன் பழைய மையமான தீவு நகர மாவட்டம் 33.4 லட்சத்திலிருந்து 30.9 லட்சமாக நேரடியாகவே இறங்கியது. தானே மாவட்டம் 81.3 லட்சத்திலிருந்து 110.6 லட்சமானது. ஆனால் குறைந்த இரண்டரை லட்சம் பேரும் தானேவுக்குத்தான் போனார்கள் என்று எழுதிவிடக் கூடாது. வெளியூரிலிருந்து நேரே தானேவில் இறங்கியவர்களும் அங்கே பிறந்தவர்களும் அந்தக் கூடுதலில் உண்டு. இதைப் பிரிக்க, கணக்கெடுப்பின் டி வரிசை (இடப்பெயர்வு) அட்டவணைகளில் ‘கடைசியாக வசித்த இடம்’ பாருங்கள்.

குடும்ப எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். ஆட்கள் குறைந்து குடும்பங்கள் கூடினால், வீடுகள் காலியாகவில்லை, குடும்பம் சிறுத்திருக்கிறது. இரண்டுமே குறைந்தால் வீடு கடையாகவோ அலுவலகமாகவோ மாறியிருக்கலாம், அல்லது குடியிருப்பே அகற்றப்பட்டிருக்கலாம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்தின் பெருக்கத்தில் பெரும்பங்கு அரசு மறுகுடியமர்த்தல். அதை ‘புறநகர் மோகம்’ என்ற தலைப்பில் சேர்ப்பது அபத்தம்.

2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்தது 2027இல். இடைக்காலத்துக்கு வாக்காளர் பட்டியலை நம்பாதீர்கள், வீடு மாறியவர் பழைய முகவரியிலேயே நெடுநாள் இருப்பார். வீட்டு மின் இணைப்புகள் பரவாயில்லை. ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் இருக்கும் என்பதால் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தை மட்டும் எடுங்கள்.