வீடு ஏலத்துக்குப் போகுமுன்: யாழ்ப்பாணத்தில் ஈடு வைத்தவர்கள் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு பிரசித்த நொத்தாரிசின் கந்தோரில் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தேன். ஈடு, ஒற்றி, அறுதி, சீதனம் என்று உறுதி (காணிப் பத்திரம்) எழுதுவதும், அவற்றைக் காணிப் பதிவகத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவதும்தான் வேலை. வீடு பறிபோகிற நிலையில் எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பிந்தித்தான் வந்தார்கள். காசு சேரவில்லை என்று பிந்தியவர்கள் சிலர். எந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தோம், மீட்க எதுவரை காலம் இருக்கிறது என்று தெரியாமலே பிந்தியவர்கள்தான் அதிகம். அவர்களைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உறுதியின் பிரதியை எடுத்து வாசியுங்கள். கையில் இல்லையென்றால் எழுதிய நொத்தாரிசிடம் கேளுங்கள், அல்லது காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். நம்மூரில் "வீட்டை ஈடு வைத்தேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லுவோம். கடதாசியில் அது மூன்று விதமாக இருக்கலாம், மூன்றுக்கும் மீட்பு வேறு வேறு.

ஈட்டு உறுதி என்றால் காணி உங்களுடையதுதான். கடனுக்குப் பொறுப்பாக நிற்கிறது, அவ்வளவுதான். காசு கட்டவில்லை என்பதற்காகக் கடன் கொடுத்தவர் வந்து வளவுக்குப் பூட்டுப் போட முடியாது. "தவணைக்குள் கட்டாவிட்டால் காணி எனக்கே சொந்தம்" என்று ஈட்டு உறுதியில் எழுதியிருந்தாலும் அந்த வாசகம் சட்டத்தில் நிற்காது. தனியார் ஒருவரிடம் வைத்த ஈடானால் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதன் பிறகே காணியை விற்பிக்கலாம். அந்த விற்பனை நடக்கும்வரை முழுக் கடனையும் செலவையும் கட்டி மீட்க உங்களுக்கு வழி இருக்கிறது. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் தவறாமல் போங்கள். போகாவிட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

ஒற்றி, தேசவழமை என்கிற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தோடு வந்த பழைய ஏற்பாடு. காசு கொடுத்தவர் வட்டி வாங்காமல் வீட்டில் குடியிருப்பார், அல்லது தோட்டத்து விளைச்சலை எடுப்பார். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். ஒற்றிக்காரர் பல வருடம் இருந்துவிட்டார் என்பதால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் ஒற்றிப் பணம் எவ்வளவு, எப்போது மீட்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், உறுதி பதிவாகியும் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் ஒற்றி விட்டுக் கனடாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கடன் கொடுப்பவர் பெயருக்கு வீட்டை அறுதியாகவே (முழு விற்பனையாகவே) எழுதிக் கொடுத்து, குறித்த காலத்துக்குள் காசைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவதாக ஒரு நிபந்தனை சேர்ப்பது. ஒரு முறை கொக்குவிலில் இருந்து ஒரு ஆசிரியை தன் உறுதியைக் கொண்டு வந்தார். ஈடு என்றே நினைத்திருந்தார். நான்காம் பக்கத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி வாசித்தேன்: "இன்று தொடக்கம் இரண்டு வருடத்துக்குள் மேற்படி தொகையை வட்டியுடன் செலுத்துமிடத்து மேற்படி காணியை மீள அறுதியாக எழுதிக் கொடுப்பேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப இப்ப வீடு ஆற்றை பேரில அண்ணை?" என்று கேட்டார். காசு கொடுத்தவர் பெயரில்தான் இருந்தது. நல்ல காலம், இரண்டு வருடம் முடிய இன்னும் சில மாதம் இருந்தது.

இந்த வகை உறுதியில் அந்தக் காலக்கெடுதான் எல்லாம். ஒரு நாள் தாண்டினாலும் மீட்கும் உரிமை போய்விடும். நீதிமன்றங்கள் இதில் இரக்கம் பார்ப்பது அரிது. கெடு முடிவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். இரு பக்கத்தையும் கூப்பிட்டு, வட்டியைப் பேசி, தவணை முறையில் கட்டி மீட்க அங்கே ஒழுங்கு செய்வார்கள். விண்ணப்பம் மீட்புக் காலம் முடியுமுன் போய்ச் சேர வேண்டும். கடைசி வாரம் வரை பார்த்திருக்காதீர்கள். வங்கிக் கடனை இந்தச் சபை பார்க்காது, தனியாரிடம் பட்ட கடனுக்குத்தான் இது.

நிபந்தனையே எழுதாமல், வாயால் மட்டும் "திருப்பித் தருவேன்" என்று சொல்லி அறுதி எழுதி வாங்கியிருந்தால்? அப்போதும் உடனே கைவிட வேண்டாம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. உரித்தை உண்மையில் கைவிடும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்று சூழ்நிலையைக் காட்டி நிரூபித்தால், எழுதி வாங்கியவர் அந்தக் காணியை உங்களுக்காகவே வைத்திருப்பதாக நீதிமன்றம் கொள்ளலாம். உறுதி எழுதிய பிறகும் நீங்கள்தான் அந்த வீட்டில் இருந்தீர்களா, சோலைவரி (வீட்டுக்குரிய உள்ளூராட்சி வரி) யார் கட்டினார்கள், உறுதியில் போட்ட விலை அந்தக் காலத்துப் பரப்பு விலையோடு பார்த்தால் மிகக் குறைவா, மாதாமாதம் வட்டி கொடுத்தீர்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆகவே வட்டியைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடுங்கள். ரசீதுகளைக் கட்டி வையுங்கள்.

சரி, இனி வங்கி. வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் ஒரு பெரிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பத்திரிகைகளில் பராட்டே என்று எழுதுவது இதைத்தான். வழக்கே போடாமல், வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்து ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கலாம். 2024இல் இந்த அதிகாரத்தைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31ஓடு முடிந்துவிட்டது. இப்போதும் பராட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டு சிலர் இருக்கிறார்கள், அது தவறு.

இதில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, கடனாக வாங்கிய முதல் எவ்வளவு என்பது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் தொகை 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் வங்கி இந்தக் குறுக்கு வழியில் போக முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வட்டி ஏறி நிலுவை 70 லட்சமாகியிருந்தாலும் கணக்குப் பார்ப்பது வாங்கிய முதல் தொகையைத்தான். அடுத்தது, ஈடு வைத்த காணி கடன் வாங்கியவருடையதா, வேறு ஒருவருடையதா என்பது. தம்பியின் கடைக்காக அக்கா தன் சீதன வீட்டைக் கொடுப்பது நம்மூரில் சாதாரணம். மூன்றாம் ஆளின் காணியைப் பராட்டே வழியில் விற்க முடியாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு ஒன்று கொடுத்தது. ஈடு வைத்தவர் கடன் வாங்கிய கம்பெனியின் பணிப்பாளராக இருந்த வழக்கில் பிறகு வேறு விதமாகவும் தீர்ப்பு வந்திருப்பதால், இதைச் சட்டத்தரணியிடம் காட்டியே முடிவு செய்ய வேண்டும்.

சீதன வீடென்றால் இன்னொன்றும் இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை ஈடு வைக்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம். பெண்ணுடைய சொத்துக்கு இப்படி ஒரு கட்டு இருப்பது எனக்குப் பிடித்தமான விஷயமில்லை. ஆனாலும் சம்மதம் இல்லாமல் எழுதிய ஈடு செல்லுமா என்று கேட்க அது இடம் தருகிறது. உறுதியில் கணவனின் கையெழுத்து இருக்கிறதா, வெளிநாட்டில் இருந்தவர் என்றால் அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாய் தகப்பன் தங்கள் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதிய காணியானால் அதையும் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள்.

இனி நாள் கணக்கு. வங்கியின் தீர்மானம் வர்த்தமானியிலும், மூன்று மொழித் தினசரிகளிலும் வர வேண்டும். பிரதி உங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஏலத் திகதி, நேரம், இடம் ஆகியவற்றைச் சொல்லும் அறிவித்தல் குறைந்தது 14 நாளுக்கு முன் வர்த்தமானியில் வர வேண்டும், காணியிலோ அருகிலோ ஒட்டப்பட வேண்டும். இடம்பெயர்ந்து வேறு ஊரில் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். கடதாசி தெல்லிப்பழை விலாசத்துக்குப் போகும், ஆள் நல்லூரில் இருப்பார். விலாசம் மாறினால் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கி வையுங்கள். பழைய வளவில் அறிவித்தல் ஒட்டியிருந்தால் கிழிக்காமல் படம் எடுத்து அனுப்பும்படி அயலவரிடம் சொல்லி வையுங்கள்.

ஏலத்துக்குக் குறித்த நாளுக்கு முன் முழு நிலுவையையும் வட்டியையும் செலவையும் கட்டினால் வங்கி விற்க முடியாது. இதுதான் உங்கள் மீட்பு உரிமையின் உயிர்நாடி. லண்டனில் இருந்து பிள்ளை அனுப்புகிற காசு வந்து சேர நாள் எடுக்கும். ஆகவே நிலுவை எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு, ஏலத்துக்கு முதல் வாரமே கட்டப் பாருங்கள். முழுவதும் முடியாவிட்டால் ஒரு பகுதியைக் கொண்டுபோய், மிச்சத்துக்குத் தவணை கேட்டுக் கடிதம் கொடுங்கள். கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை, ஆனால் வெறுங்கையோடு போய்க் கேட்பவரைவிடக் காசோடு போகிறவருக்குப் பேச இடம் கிடைக்கும். கேட்கும்போது ஏலத்தை ஒத்திவைத்ததாக எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி வீட்டை விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஏலம் முடிந்து விற்பனைச் சான்றிதழ் எழுதிவிட்டால் உரித்து வாங்கியவருக்குப் போய்விடும். அவர் மாவட்ட நீதிமன்றத்தில் அதைக் காட்டி வீட்டை ஒப்படைக்கக் கட்டளை வாங்கலாம். அப்போதும் இரண்டு விஷயம் மிச்சம் இருக்கிறது. அயலவர் வீட்டை ஏலத்தில் எடுக்க நம்மூரில் தயங்குவார்கள், அதனால் பல தடவை வங்கியே வாங்கிவிடும். அப்படி வாங்கியதை வங்கி வேறு ஒருவருக்கு விற்காத வரைக்கும், நீங்கள் நிலுவை, செலவு, வட்டி எல்லாம் கட்டினால் அந்த விற்பனையை ரத்துச் செய்ய வங்கிக்கு அதிகாரம் உண்டு. அது வங்கியின் விருப்பம்தான். என்றாலும் எழுதிக் கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள். இரண்டாவது, மிச்சக் காசு. உதாரணத்துக்கு நிலுவையும் செலவும் 65 லட்சம், வீடு 90 லட்சத்துக்குப் போனது என்றால், 25 லட்சம் உங்களுடையது. கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

உதவிக்குச் சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். வங்கி நடந்துகொண்ட விதத்தைப் பற்றி முறையிட மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது. போகும்போது உறுதிப் பிரதி, வங்கி அனுப்பிய எல்லாக் கடிதங்கள், தபால் உறைகள்கூட, கட்டிய சிட்டைகள் எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு போங்கள். உறையில் உள்ள தபால் முத்திரைத் திகதி சில வேளை வழக்கையே திருப்பும்.

கடனைக் கட்டி முடித்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வங்கி மூல உறுதிகளைத் திருப்பித் தந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஈட்டை விடுவித்ததாக நொத்தாரிசு ஊடாக எழுதி, காணிப் பதிவகத்தில் பதியும்வரை அந்தக் காணியின் பதிவேட்டில் ஈடு அப்படியே கிடக்கும். மகளுக்குச் சீதனம் எழுதப் போகும்போதோ, விற்கும்போதோ அது முன்னால் வந்து நிற்கும். அதற்குள் அந்த வங்கிக் கிளையில் கடனைப் பார்த்தவர்கள் மாறிப் போயிருப்பார்கள், பழைய கோப்பைத் தேடி எடுக்க மாதங்கள் போகும். கட்டி முடித்த மாதத்திலேயே விடுவிப்பை எழுதி, பதிந்து, பதிவேட்டின் புதுப் பிரதி ஒன்றையும் எடுத்து உறுதியோடு சேர்த்து வையுங்கள்.