அப்பாவின் கண்ணுக்கு ஊசி, ஒளி, மாத்திரை: சேர்த்துச் செய்யும்போது கவனிக்க

பாம்பனில் எங்கள் வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா, "இந்தக் கண்ணெல்லாம் கோணலா இருக்கே, யாரு கட்டுனது?" என்றார். வலையில் கோணல் இல்லை. இடது கண்ணை மூடச் சொன்னேன், வலை நேரானது. வலதை மூடியதும் நடுவில் வலையின் நாலைந்து கண்கள் நெளிந்தன. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். வயதால் வரும் மாகுலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெடுவது. இடது கண்ணில் ஈர வகை (கசிவு உள்ளது), வலதில் உலர் வகை (கசிவு இல்லாதது).

எந்தக் கண்ணுக்கு எந்தச் சிகிச்சை என்பதை முதல் நாளே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊசி ஈர வகைக்கு. விழித்திரைக்கு அடியில் புதிய ரத்தக் குழாய்களை வளரவைத்துக் கசியவிடும் புரதத்தை அது அடக்கும். அவாஸ்டின், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் மூன்றுக்கும் அதே வேலைதான்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது டாக்டரின் முடிவு. பொதுவாக முதல் மூன்று ஊசிகளை மாதம் ஒன்றாகப் போடுவார்கள். இரண்டாவது ஊசியிலேயே பார்வை தேறியது, "அடுத்த மாசம் வேண்டாம்" என்றார் அப்பா. நான் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். சமீபத்தில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்குக் குழாய்களின் நுனி சிறு மொட்டுகள் போல, பாலிப்களாகப் புடைத்திருந்தது. ஆசியர்களிடம் இந்த வகை அதிகம். அதற்கு ஊசியோடு ஒளி சிகிச்சையும் சேர்த்தார்கள்: கை ரத்தக் குழாயில் வெர்டிபோர்ஃபின் மருந்து, பிறகு கண்ணில் லேசர். எவரெஸ்ட் 2 ஆய்வில், ஓராண்டு முடிவில் பாலிப் முழுதும் அடங்கியவர்கள் இரண்டும் சேர்ந்தபோது சுமார் 69%, ஊசி மட்டும் போட்டபோது சுமார் 35%. எல்லா ஈர வகைக்கும் இது தேவைப்படாது. பச்சைச் சாயம் ஏற்றி எடுக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எங்கள் கரையில் கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஐந்து நாள் வெயிலே படக்கூடாது, தோல் வெந்துவிடும். மாலை இருட்டியபின் பஸ் ஏறினோம், முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு. கடற்கரைக்குப் போகவிடவில்லை. ஆனால் அறையை முழுதும் இருட்டாக்கிவிடாதீர்கள். சாதாரண அறை வெளிச்சம் மருந்து சீக்கிரம் செயலிழக்க உதவும்.

வைட்டமின் மாத்திரை கசிவை நிறுத்தாது, ஊசிக்கு மாற்றும் ஆகாது. அப்பாவுக்கு அது வலது கண்ணைக் காக்கத்தான். நடுத்தர நிலையில் இருப்பவருக்கும், ஒரு கண் முற்றியவருக்குமே பலன் தரும். ஆரம்ப நிலைக்கு உதவாது. லூடீன் 10 மில்லிகிராம், ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம், துத்தநாகம், தாமிரம், வைட்டமின் சி, இ இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். பீடி குடித்தவர் என்றால் பீட்டா கரோட்டின் கலந்ததை வாங்கவே கூடாது, நுரையீரல் புற்றுக்கு வழி. பீடியை நிறுத்துவதும் கண்ணுக்கான சிகிச்சைதான்.

கண்ணில் விடக் கூடாதவை: தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அன்போடுதான் கொண்டுவந்தார், நான் வாங்கி வைத்துவிட்டேன். ஊசி போட்ட கண்ணில் கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். அடுத்த சில நாட்களில் வலி கூடினால், சிவப்பு ஏறினால், பார்வை மங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தினமும் காலையில் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, ஒரு அடி தூரத்தில், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஆம்ஸ்லர் அட்டையைப் பார்க்கிறார் அப்பா. பிறகு மற்ற கண். கோடு புதிதாக நெளிந்தாலோ நடுவில் கறை தெரிந்தாலோ, அடுத்த ஊசித் தேதி வரை காத்திராமல் உடனே கிளம்பிவிடுவோம்.