மொசார்ட் கே. 545: இடது கையை முதலில் கார்டாக அமுக்குங்கள்

மொசார்ட்டின் இந்த சி மேஜர் பியானோ சொனாட்டாவின் முதல் பகுதியில், இடது கையின் சி-ஜி-இ-ஜி ஓட்டத்தை உதிரியாகப் பழகாமல், மூன்று சுரங்களையும் ஒரே அமுக்காக, அரை பாருக்கு (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வீதம் வாசியுங்கள். முதல் நான்கு பார்களில் உள்ளவை நான்கே பிடிகள்: சி-இ-ஜி, டி-எஃப்-ஜி, சி-எஃப்-ஏ, பி-டி-ஜி. கை அந்தப் பிடிக்கு முன்கூட்டியே போய்விடுவதால், அலெக்ரோ என்னும் விரைவான வேகத்திலும் தடுமாறாது.

பிரித்து வாசிக்கும்போது கட்டைவிரலைக் கவனியுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று அதுதான் விழுகிறது. உயரத் தூக்கினால் ஜி மட்டும் இடித்துக்கொண்டு கேட்கும், வலது கையின் அழகான மெட்டு அமுங்கிவிடும். கட்டையை ஒட்டியே இருக்கட்டும்.

ஐந்தாம் பாரில் தொடங்கும் வலது கை ஸ்கேல் ஓட்டங்களுக்கு (வரிசையாக ஏறி இறங்கும் சுரங்கள்) இந்தக் கார்டு முறை உதவாது. அங்கே விரல் எண்களை எழுதிவைத்து மெதுவாகத்தான் பழக வேண்டும்.