சீன வரலாற்றுப் பெண்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் வீரப் பெண்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் மூலான்தான் முதலில் வந்து நிற்கிறார். அப்பாவுக்குப் பதிலாக ஆண் வேடத்தில் போருக்குப் போன அவர் ஒரு பழைய கதைப்பாடலின் நாயகி. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. நிஜமான படைத்தலைவி வேண்டுமென்றால் ஃபூ ஹாவ் இருக்கிறார். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஷாங் வம்ச மன்னர் வூ திங்கின் மனைவி. 1976-ல் ஆன்யாங்கில் அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்த குழுவின் தலைவரும் ஒரு பெண்தான், ஜெங் ஜென்ஷியாங். கொள்ளையர் கை படாத அந்தக் கல்லறையில் 468 வெண்கலப் பொருள்கள், 755 ஜேட் பொருள்கள், கூடவே அவர் பெயர் பொறித்த போர்க் கோடரிகள். குறி பார்க்கப் பயன்படுத்திய எலும்புகளில் அவருக்காக 13,000 பேர் கொண்ட படை திரட்டிய செய்தியே இருக்கிறது. இவரை விட்டுவிட்டு மூலானைப் பிடித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்தது வூ ஸெதியான். இவரைத் தாங் வம்சப் பேரரசரின் மனைவி என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள். கி.பி. 690-ல் ஜோ என்று தனி வம்சத்தையே அறிவித்து, 705 வரை பேரரசராகவே ஆண்டவர். சீனாவில் அப்படி முழு உரிமையோடு ஆண்ட பெண் இவர் ஒருவர்தான். இதைவிடப் பெரிய தவறு, அப்போது பட்டத்து ராணியாக இருந்த வாங் மீது பழி போடுவதற்காகத் தன் கைக்குழந்தையையே கொன்றார் என்பதை நடந்த விஷயம் மாதிரி எழுதுவது. ராணி வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனதும் வூ அதைப் போர்வைக்கடியில் கொன்றார், அப்புறம் பேரரசர் வந்ததும் சிரித்துப் பேசியபடியே போர்வையை விலக்கினார் என்று காட்சி காட்சியாகச் சொல்லும் 'புதிய தாங் வரலாறு' முடிந்தது 1060-ல், அதாவது சம்பவத்துக்குச் சுமார் 400 ஆண்டுகள் கழித்து. அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தைய 'தாங் ஹுய்யாவ்' தொகுப்போ, குழந்தை திடீரென இறந்தது, வூ அந்தப் பழியை ராணி மீது போட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. பெண் அரியணை ஏறியதைப் பொறுக்காதவர்கள் எழுதியவை இவை, எந்த வரி எப்போது எழுதப்பட்டது என்று பார்க்காமல் எடுத்தாளாதீர்கள்.

சின்னதாக இன்னொன்று: ஃபூ ஹாவ், வூ ஸெதியான் இருவரையும் கட்டிய பாதங்களோடு வரையாதீர்கள், பாதம் சிறிதாக இருக்கச் சிறுமிகளின் கால்களை இறுகக் கட்டும் அந்த வழக்கம் பரவியதே சுமார் 10-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

பான் ஜாவ் கதை வேறு. பெண்களுக்கு அடக்கம் போதித்த நூலை எழுதியவர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவருடைய அண்ணன் பான் கு கி.பி. 92-ல் சிறையில் இறந்தபோது பாதியில் நின்ற ஹான் வம்ச வரலாற்றை முடிக்கும் பொறுப்பு இவரிடம்தான் வந்தது. ஹான் பேரரசி தெங்குக்கு வானியலும் கணிதமும் கற்றுக்கொடுத்தவரும் இவர்தான்.