சிவப்பு டியூனிக்: பிரிட்டிஷ் அதிகாரிச் சீருடை சேகரிக்கப் புதிதாக வருவோருக்கு

1881க்கும் 1914க்கும் இடைப்பட்ட காலாட்படை அதிகாரியின் சிவப்பு டியூனிக்கிலிருந்து (சீருடைக் கோட்டிலிருந்து) தொடங்குங்கள். காலத்தைச் சொல்லும் தடயங்கள் கோட்டிலேயே இருக்கும். விற்பவர் சொல்லும் கதையைக் கேட்பதற்கு முன் கோட்டைப் படியுங்கள்.

1. முதலில் உள்பக்கம். அதிகாரிகள் சொந்தக் காசில் தையற்கடையில் தைத்துக்கொண்டார்கள். அதனால் காலருக்குக் கீழேயோ உள்பாக்கெட்டிலோ கடை லேபிள் இருக்கும். சிலவற்றில் பெயரும் தேதியும் மையில் எழுதியிருக்கும். பெயர் கிடைத்தால், அதிகாரிகளின் நியமனங்கள் வெளியான பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடுங்கள், இணையத்தில் இலவசம். அகன்ற அம்புக்குறி முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் அரசு கொடுத்த சிப்பாய்க் கோட்டு.

2. பொத்தான். 1881 ராணுவச் சீர்திருத்தத்தில் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண்கள் போய் வட்டாரப் பெயர்கள் வந்தன. கிரீடம் இருந்தால் அதன் உச்சியைப் பாருங்கள்: நடுவில் பள்ளமாக இறங்கினால் விக்டோரியா காலம், குவிந்து உருண்டிருந்தால் 1901க்குப் பின். ஆனால் பொத்தானை யார் வேண்டுமானாலும் மாற்றித் தைக்கலாம். அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

3. தோள். ஏமாற்று அதிகம் வெளிப்படுவது இங்கேதான். 1880 வரை பதவிச் சின்னம் காலரில் இருந்தது; பிறகு தோளின் தங்கக் கயிற்றுக்குப் போனது. 1902 வரை கேப்டனுக்கு இரண்டு நட்சத்திரம், அதன்பின் மூன்று. விக்டோரியா கிரீடப் பொத்தானோடு மூன்று நட்சத்திரம் இருந்தால், அந்த அதிகாரியே 1902க்குப் பிறகும் அணிந்திருக்கலாம். பின்னாளில் யாராவது சேர்த்துமிருக்கலாம். நட்சத்திரத்தைச் சுற்றிக் கயிற்றின் நிறத்தையும், ஓரத்தில் வேறு ஊசித்துளை இருக்கிறதா என்பதையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

4. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சைத் தையலில் அடியுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிடும் நூல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. வெள்ளை ஓரப்பட்டை பளிச்சிட்டால் அவசரப்படாதீர்கள். சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். மடிப்புக்குள் இருக்கும் நூலே சாட்சி.

5. அந்துப்பூச்சி. காலரின் அடியிலும் அக்குளிலும் சிவப்பு மணல் போலக் கிடந்தால் அது கம்பளியைத் தின்ற புழுவின் எச்சம். பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி, −18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த துணியில் ஈரம் படியும்.

6. துவைக்கவே வேண்டாம். சிவப்புச் சாயம் வெள்ளைக் காலரில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. தங்கச் சரிகை என்பது பெரும்பாலும் வெள்ளிக் கம்பியில் மெல்லிய தங்கப் பூச்சு. பிராஸோ போன்ற உலோகப் பாலிஷ் போட்டால் பூச்சு உரிந்துவிடும். மென்மையான பிரஷ் போதும். கறுத்த சரிகை கறுத்தபடியே இருக்கட்டும். கோட்டின் கைகளுக்குள் அமிலமற்ற டிஷ்யூத் தாளைச் சுருட்டி வைத்து, பெட்டியில் படுக்கையாக வையுங்கள். கம்பி ஹேங்கரில் மாட்டினால் சரிகையின் கனத்தில் தோள் தையல் கிழியும்.