பரிசு விழாத லாட்டரி எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் செங்கோட்டையில் இருந்து புளியரை தாண்டி மலையேறினால் கேரளத்து ஆரியங்காவு, அங்கே டீ குடிக்க இறங்குகிற எங்கள் ஊர்க்காரர்களில் சிலர் சட்டைப்பையில் ஒரு சீட்டோடுதான் திரும்புவார்கள். அப்படி மாமா வாங்கி, ஒன்றும் விழாமல் கசக்கி எறிந்த சீட்டின் ஆறு இலக்கம் 533148. காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை, எறிந்ததை எடுங்கள், அந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்போம். கால்குலேட்டர் வேண்டாம், பேனா போதும்.

முதலில் கடைசி இலக்கம், 8. இரட்டை எண். 2, 3, 7, 8-இல் முடியும் எதுவும் முழு வர்க்கம் ஆகாது, அந்தக் கேள்வி அதோடு தீர்ந்தது. கடைசி இரண்டு இலக்கம் 48, அதனால் 4-ஆல் வகுபடும். கடைசி மூன்று 148, ஆகவே 8-ஆல் வகுபடாது. எல்லா இலக்கத்தையும் கூட்டினால் 24: 3 போகும், 9 போகாது.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 7 வந்தால்தான் எல்லோரும் முழிப்பார்கள். அதற்கு எண்ணை நடுவில் வெட்டி, பெரியதில் இருந்து சிறியதைக் கழியுங்கள்: 533 − 148 = 385. அது 7-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும், 11, 13-க்கும் இதே கணக்குதான், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001, நம் எண்ணோ 533 × 1001-இல் 385 குறைவு, அவ்வளவுதான் விஷயம். 385-இல் 7 உண்டு, 11 உண்டு, 13 இல்லை. ஒரே கழித்தலில் மூன்று பதில்!

சரி, இப்போது வகுத்துக்கொண்டே வாருங்கள். 4-ஆல் வகுத்தால் 133287, 3-ஆல் 44429, 7-ஆல் 6347, 11-ஆல் 577. இங்கே நிற்கும். 25-இன் வர்க்கம் 625, அதனால் 577-க்கு 23 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். எதுவும் போகவில்லை, 577 பகா எண்.

இந்த 577 எனக்குப் பழக்கமான எண். வேள்வி மேடை அமைக்கும் அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்களில் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குச் சொன்ன கணக்கைச் சுருக்கினால் 577/408 வரும், 2-இன் வர்க்கமூலத்தோடு ஐந்து தசம இடம் வரை ஒத்துப்போகும். மாமாவின் சீட்டுக்குள் அது ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது!

ஆக 533148 = 2² × 3 × 7 × 11 × 577. எத்தனை வகுத்திகள்? ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 × 2 × 2 = 48. அவற்றின் கூட்டுத்தொகை வேண்டுமானால் (1+2+4) × 4 × 8 × 12 × 578 = 15,53,664. அதில் எண்ணையே கழித்தால் 10,20,516, எண்ணைவிடப் பெரியது, எனவே இது மிகை எண்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. சின்னக் காரணி எதுவுமே சிக்காத சீட்டும் வரும், அப்போது ஆயிரத்துக்குள் இருக்கும் 168 பகா எண்களையும் வரிசையாகப் போட்டுப் பார்க்க நேரிடலாம். அந்தச் சீட்டை மட்டும் மாமாவிடமே கொடுத்துவிடுங்கள்.