மடியில் வந்த கீரை தட்டுக்கு வருவதற்குள்

ஆடியில் விதைத்த மானாவாரி வேர்க்கடலைக்கு ஆவணியில் களை வெட்டும்போது, வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துப் பெண்கள் கொத்துவதில் பாதி களை, பாதி குழம்பு. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை என்று அகப்பட்டதை மடியில் கட்டி வந்து, கலவைக் கீரையாகக் கடைந்து கேழ்வரகுக் களியோடு சாப்பிடுவது பழைய வட ஆற்காட்டு வழக்கம். காசு கொடுக்காமல் கிடைப்பதால் அதைச் சத்தில்லாத ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்குகிறோம். இரும்பு, சுண்ணாம்பு, ஃபோலிக் அமிலம், உடலில் வைட்டமின் ஏ ஆகும் கரோட்டீன் எல்லாம் அந்த மடியில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு.

ஆனால் இன்று எந்த வரப்பிலும் பறித்துவிட முடியாது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று பலர் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த மறுநாளும் கீரை பச்சையாகத்தான் நிற்கும். கழுவிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இலை உறிஞ்சிய மருந்து கழுவினால் போகாது. நிலத்துக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறியுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடிய கால்வாய் ஓரத்தில் கீரை எவ்வளவு கொழுத்து நின்றாலும் தொடவேண்டாம். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மண்ணில் தங்கிவிடும்.

சமையலில், நறுக்கிவிட்டுக் கழுவுவதும் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவதும் ஃபோலிக் அமிலத்தையும் வைட்டமின் சி-யையும் சாக்கடைக்கு அனுப்பும் வேலை. சாரணைக்கும் பருப்புக்கீரைக்கும் இது பொருந்தாது. அவற்றில் சிறுநீரகக் கல்லுக்கு வழிவிடும் ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகம், வடித்துவிடுவதே நல்லது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்கலாம். கரோட்டீன் உடலில் சேர எண்ணெய் வேண்டும். கடலை விளைகிற ஊரில் தாளிக்க ஒரு கரண்டி கடலெண்ணெய்க்கு யோசிப்பானேன்? இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால், கீரையின் இரும்பை உடல் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அந்த இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த வீட்டிலும் ஒரு தவறு மிஞ்சுகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். பெண்களுக்கு நாளுக்கு 100 கிராம் கீரை வேண்டும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எங்கள் அத்தை குனிந்து பறித்து, ஆய்ந்து, மத்தால் கடைந்து, எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, வழித்த சட்டியில் களியைப் புரட்டித் தின்பார். கேட்டால், "எனக்கென்ன, பிசுக்கு இருக்கிறதே போதும்" என்பார். அடுப்பிலிருந்து இறக்கியதும் அவர் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கீரை ஆகாது என்று மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வீடுகளும் உண்டு. இரத்தம் இழந்த உடம்புக்கு அது இரட்டைத் தண்டனை.

கீரை சாப்பிடுகிறோமே என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பரணில் போடுவதும் தவறு. கீரையிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் இரும்பு கொஞ்சம்தான். ஏற்கெனவே இரத்தம் குறைந்த கர்ப்பிணிக்கு அது மட்டும் போதாது. மாத்திரையை விழுங்குவதும் டீயோடு வேண்டாம்.